ஐம்பத்தோராவது கத்தி

தமிழில் 'அருமை' என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. எளிதிற் கிடையாமை ஒன்று. செய்தற்கு எளிதல்லாமை மற்றொன்று. சிறப்பு என்பது பிறிதொன்று. இம்மூன்றும் ஒரு சொல்லில் அடங்கியது தற்செயலன்று. செய்தற்கு அரியது சிலவாகவே தோன்றும். சிலவாகத் தோன்றுவது எளிதிற் கிடையாது. அங்ஙனம் கிடையாததை உலகம் சிறந்ததெனப் போற்றும். இவ்வொழுங்கில் முதலில் நிற்பது உழைப்பு. இறுதியில் வருவது மதிப்பு. இக்காலத்து வாணிகர் சிலர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, உழைப்பை விடுத்துக் கிடையாமையை மட்டும் படைத்து, அதற்கு மதிப்பென்று பெயரிட்டு விற்கின்றனர். இதனை ஒரு சிறு மடக்குக்கத்தியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடக்குக்கத்திகளைத் திரட்டி வைக்கும் வழக்கம் மேனாடுகளிற் பெரிதும் பரவியுள்ளது. தபால் தலையையும் பழங்காசையும் திரட்டுவார் போலவே கத்தி திரட்டுவாரும் உளர். அன்னாரைக் கருதிக் கத்திக் கம்பெனிகள், 'இவ்வளவே செய்வோம்; மேற்கொண்டு செய்யோம்' என்று அறிவித்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்துச் சில கத்திகளை வெளியிடுகின்றன. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்ஸனர் என்பார் 1884-இல் தொடங்கிய பட்டறையே இன்றைய விக்டோரினாக்ஸ் கம்பெனி. அவர் 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியே, இன்று உலகெங்கும் வழங்கும் செந்நிறக் கத்திக்கு மூலம். அதன் 125-ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2022-இல் அப்பழங்கத்தியின் படியாக 9,999 கத்திகள் மட்டும் செய்து விற்றனர். நாள்தோறும் பல்லாயிரம் கத்திகள் செய்யவல்ல ஓர் ஆலைக்குப் பதினாயிரமாவது கத்தியைச் செய்தல் அரிய செயலோ? அன்று. செய்யாதிருத்தலே அங்கு விலைப்பொருளாயிற்று.

இவ்வாறு கூறுதலால், திரட்டுவோர் யாவரும் அறிவிலிகள் என்பது நம் கருத்தன்று. அவர்தம் கண்ணின் கூர்மை கத்தியின் கூர்மைக்குக் குறைந்ததன்று. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்துப் பிராட்போர்டு நகரிலுள்ள கேஸ் கம்பெனியார், 1970-இல் தம் கத்திகளின் அலகடியிற் பத்துப் புள்ளிகள் பொறித்தனர். பின்னர் ஆண்டுக்கொரு புள்ளியைக் குறைத்து வந்தனர். அப்புள்ளிகளை எண்ணி, இக்கத்தி இன்ன ஆண்டினதென்று திரட்டுவோர் நொடியில் உரைப்பர். கல்வெட்டின் எழுத்தமைதி கண்டு காலம் கூறும் அறிஞர் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு அளவினதேயன்றி இயல்பினதன்று. இப்புள்ளிகளைப் படிப்போர் மறவாதிருக்க. பின்னர் இவற்றால் நமக்கொரு பயன் உண்டு.

இனி நம் நாட்டை நோக்குவோம். மடக்குக்கத்தி நமக்குப் புதிதன்று. வடநாட்டில் ராம்பூர் நகரத்துக் கத்தியைப் பலரும் அறிவர். 2023-இல் அந்நகரத்தார் நாற்சந்தியொன்றில் பேருருவக் கத்தியொன்றை நினைவுச்சின்னமாகவே நாட்டினர். தமிழ் மாணாக்கராகிய நமக்கோ அதனினும் நெருங்கிய உறவுடையது மடக்கெழுத்தாணி. ஒருபுறம் ஏடெழுதும் ஆணியும், மறுபுறம் ஓலை வாரும் கத்தியும் பிடிக்குள் மடங்கும்படி அமைந்த கருவி அது. நம் இலக்கியங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த கருவிகளுள் இதுவும் ஒன்று. இதற்கு எவரும் எண் பொறித்திலர். இவ்வளவே செய்வோமென்று அறிவித்திலர். எனினும் இன்று இது மிக அரிதாயிற்று. ஏடெழுதுவார் அருகினர், கருவியும் அருகிற்று. இவ்வருமை காலம் படைத்தது; வாணிகன் படைத்ததன்று.

சேலத்து வரலாறு இன்னும் சுவையுடையது. 19-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் அருணாசலம் என்னும் கொல்லர் ஒருவர் இருந்தார். அவர் செய்த வேட்டைக் கத்திகளும் பன்றி வேட்டை ஈட்டிகளும் ஆங்கிலேய வேட்டைக்காரரிடையே பெரும் புகழ் பெற்றிருந்தன. அலகின்மீது தம் பெயரையும் ஊரையும் ஆங்கில எழுத்தில் அவர் பொறித்தார். அஃது 'அர்னாசெல்லம்' என்று படிக்குமாறு சிதைந்து நிற்கின்றது. இன்று அக்கத்திகள் மேனாட்டு ஏலங்களில் விலை பெறுகின்றன. நம் திருவண்ணாமலையின் மலைப்பெயரே அவர் பெயர். அப்பெயர் எங்கோ ஒரு சீமானின் கண்ணாடிப் பேழையில் ஒளிர, நம் வகுப்பில் அதனை அறிந்தோர் ஒருவரும் இலர். யானும் அண்மையிலேயே அறிந்தேன். இதனை நம்மனோர்க்கு மீட்டுத் தந்தோர் யாவர்? நாம் குறைகூறிய அத்திரட்டுவோரே. இந்நன்றியை மறத்தல் தகாது.

கத்தியேயன்றி அதன் உருக்கும் நம் நாட்டினதே. மேனாட்டார் 'வூட்ஸ்' என்று வழங்கியது 'உருக்கு', 'உக்கு' என்னும் தென்மொழிச் சொற்களின் திரிபென்பர். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவள்ளூரில் மூசையில் உருக்குச் செய்த அடையாளங்களை, 1990-களில் சாரதா சீனிவாசன் என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். நம் ஊரை அடுத்த கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது உண்டென்பதை நாம் அறிவோம். இத்தென்னாட்டு உருக்கைப் பற்றி 1795-இல் ஜார்ஜ் பியர்ஸன் லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் லண்டன் கத்தி வினைஞர் இதனைக் கையாண்டு வியந்தார். கொல்லர் மகனாகிய மைக்கேல் பாரடே அவருடன் கூடி ஆராய்ந்து, 1820-இலும் 1822-இலும் அவ்வாராய்ச்சியை வெளியிட்டார். தம் ஆராய்ச்சியிற் பிறந்த உருக்கால் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்க்குப் பரிசாகவும் அளித்தார். அவையும் எண்ணிக்கையிற் சிலவே. ஆயினும் பயன்படுத்துதற்கென்றே அளிக்கப்பட்டவை.

இவ்வளவும் நூல்களாலும் கேள்வியாலும் அறிந்தவை. இனிக் கண்ணாற் கண்டது ஒன்று உரைப்பேன்.

நம் ஊரில், செங்கம் செல்லும் சாலையிலிருந்து பிரியும் சிறு தெருவொன்றில் முதிய கொல்லர் ஒருவர் பட்டறை வைத்துள்ளார். அரிவாளும் மண்வெட்டியும் அவர் பிழைப்பு. ஓய்வுற்றபோது பழைய லாரிகளின் வில்பட்டையை அடித்து, மரப்பிடி வைத்து மடக்குக்கத்தியும் செய்வார். வாரத்திற்கு இரண்டு முடிந்தால் பெரிது. விலை முந்நூறு ரூபாய். சென்ற ஆண்டு கார்த்திகைத் தீபத்திற்குச் சில நாட்கள் முன்பு, என் பாட்டியாரின் அரிவாள்மணையைத் தீட்டுதற்கு அங்குச் சென்றிருந்தேன். அவ்வேளை பட்டணத்து வாணிகர் ஒருவர் வந்தார். கத்தியைத் திறந்து மூடிப் பார்த்தார், மகிழ்ந்தார். ஐம்பது கத்திகள் வேண்டுமென்றும், ஒன்றுமுதல் ஐம்பதுவரை எண் பொறிக்க வேண்டுமென்றும், ஒன்றுக்கு மூவாயிரம் ரூபாய் தருவதாகவும் கூறினார். பிறகு ஒரு தாளை நீட்டினார். ஐம்பது முடிந்தபின் இவ்வடிவிற் கத்தி செய்வதில்லை என்று அதிற் கையெழுத்திட வேண்டும்.

முதியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஐம்பத்தோராவது ஆள் வந்து கேட்டால் நான் என்ன சொல்லட்டும், ஐயா?" என்றார்.

"தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்" என்றார் வாணிகர்.

"இரும்பு இருக்கிறது; கரி இருக்கிறது; என் கை இருக்கிறது. தீர்ந்துவிட்டதென்று எப்படிச் சொல்வேன்?"

ஐம்பது செய்து தர அவர் இசைந்தார். தாளில் மட்டும் கையெழுத்திட இசைந்திலர். வாணிகர் போய்விட்டார்.

யான் பெருமகிழ்வெய்தி அவரைப் புகழத் தொடங்கினேன். அருகில் துருத்தி இயக்கிக்கொண்டிருந்த அவர் மகன் என்னை நிமிர்ந்து நோக்கி, "ஒன்றரை லட்சம் ரூபாய், தம்பி. உங்கள் புகழ்ச்சி இந்தக் கூரையை மாற்றிப் போடுமா?" என்றார். மேலே நோக்கினேன். தகரத்தில் ஓட்டைகள் இருந்தன. அவற்றின் வழியே வெயில் உலைமீது விழுந்தது. எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பல நாள் இவ்வினாவே என்னை வருத்திற்று. பிறர் கூரையின் செலவில் நாம் கொள்கையைப் போற்றுதல் எளிது. படித்தவராகிய நமக்கு இத்தவறு பெரிதும் வாய்ப்பது.

ஆதலின் இப்பொருளை இருபாலும் நோக்கி முடிவு கூற வேண்டும். கொல்லருக்கு மூவாயிரம் ரூபாய் கிடைத்தல் தீதோ? அன்று, அவர் வேலைக்கு முந்நூறு மிகக் குறைவு. திரட்டுவோர் விரும்பி மிகுதி கொடுத்தல் தீதோ? அன்று, உழைப்பின் மதிப்பை நம்மினும் அவர் நன்கறிவர். எண் பொறித்தல் தீதோ? அதுவுமன்று, செய்தவன் தன் செயலை எண்ணிவைத்தல் அவன் உரிமை. தீதெனத் தக்கது ஒன்றே: செய்யவல்லவன் செய்யாதிருத்தற்குக் கூலி பெறுதல். அதனாற் கத்திக்குக் கூர்மை மிகுவதில்லை. ஐம்பதின்மர் மகிழ்ச்சி, ஐம்பத்தோராமவனின் ஏமாற்றத்தால் அளக்கப்படுகிறது. அதனினும் கேடு, கொல்லரின் கை ஒரு தாளுக்கு அடிமையாவது. அவர் மகன் அத்தொழிலைக் கற்று என்ன பயன்? கற்றதைச் செய்தல் கூடாதென்று தந்தை எழுதிக் கொடுத்திருப்பாரே!

இதற்கு மாற்று உண்டோ எனின், உண்டு. மேலே கூறிய புள்ளிகளை ஈண்டு நினைவுகூர்க. அலகடியிற் செய்தவர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்படுமாயின், ஒவ்வோர் ஆண்டின் கத்தியும் தானே தனி வகையாகும். வாரத்திற்கு இரண்டென்றால் ஆண்டிற்கு நூற்றின்மேற் சிலவே. அவ்வாண்டு கழிந்தால் அவ்வாண்டின் கத்தி மீண்டும் பிறவாது. திரட்டுவோர்க்கு வேண்டிய அருமை அதில் உண்டு. அதனைப் படைத்தது காலமும் கையும். அடுத்த ஆண்டு வருவோனுக்கும் கத்தி உண்டு. அவனை இல்லையென்று திருப்ப வேண்டுவதில்லை. விலையை மட்டும் உழைப்பிற்கேற்ப உயர்த்துதல் வேண்டும். பெயரை ஆங்கிலத்திற் சிதைக்காது தமிழெழுத்திற் பொறித்தலும் வேண்டும். சேலத்து அருணாசலத்தின் பெயர் பட்ட பாடு இவருக்கும் வரலாகாது.

இக்கருத்தைத் தந்தையிடமும் மகனிடமும் சென்று கூறினேன். முதியவர் சிரித்தார். மகன் சிரித்திலர், பொறிக்கும் உளிக்கு என்ன செலவாகுமென்று கணக்கிட்டார். அவர் கணக்கிட்டது எனக்குப் பெருநம்பிக்கை தந்தது.

நண்பர்காள்! நம் கல்லூரியிற் பயின்று பல ஊர்களிற் பணிபுரியும் பழைய மாணவர்காள்! உங்களிடம் இரண்டு வேண்டுகின்றேன். உங்கள் இல்லத்து மரப்பெட்டியில் முன்னோரின் மடக்கெழுத்தாணி கிடக்குமாயின், விற்பதற்கு முன் அதனை ஒருமுறை நம் தமிழ்த்துறைக்குக் காட்டுங்கள். அதன் அளவையும் பிடியையும் அதிலுள்ள அடையாளத்தையும் நாங்கள் எழுதி வைப்போம். உங்கள் ஊரில் உலை மூட்டும் கொல்லர் ஒருவர் இருப்பாராயின், அவரிடம் கத்தி வாங்குங்கள். பெயரையும் ஆண்டையும் பொறிக்கச் சொல்லுங்கள். பேழையில் வைக்க ஒன்று வாங்கினால், கையில் வைத்துப் பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் இன்னொன்று வாங்குங்கள்.

யான் ஒன்று வாங்கினேன். அதில் எண் இல்லை. இக்கட்டுரையை எழுதிய பென்சிலை அதனாற்றான் சீவினேன்.