காயம் ஆறும் காலமும் ஆட்டக் காலமே

கல்லூரி அணியில் ஆடும் ஒரு பிள்ளைக்கு முழங்காலின் இணைப்புநார் அறுந்துவிட்டால், சத்திரசிகிச்சை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதன் பின்வரும் மாதங்களே கடினமானவை. நேற்றுவரை கரகோசம் கேட்ட பிள்ளை, இன்று ஓர் அறையில் முழங்காலை மடக்கவும் நீட்டவும் பழகுகின்றது. அணிப் பட்டியலில் வேறொருவரின் பெயர் இடம்பெறுகின்றது. 'விளையாட்டு இல்லையெனில் நான் யார்?' என்ற கேள்வி, காயத்திலும் அதிகமாக நோகின்றது. காயத்தை வைத்தியர் கவனிப்பார். மனத்தை யார் கவனிப்பது?

2013 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான கூடைப்பந்தாட்டத்தின்போது, லூயிவில் பல்கலைக்கழக வீரர் கெவின் வெயரின் வலக்கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. தரையிற் கிடந்தபடியே, ஆட்டத்தை வெல்லுமாறு அவர் தோழர்களிடம் திரும்பத் திரும்பக் கூறினார். அவர்களும் வென்றனர். எட்டு நாட்களின் பின் இறுதியாட்டத்திலும் வென்றனர். வென்ற அணி கூடையின் வலையை வெட்டியெடுப்பது அங்குள்ள வழக்கம். ஊன்றுகோலுடன் நின்ற வெயருக்காகக் கூடையையே கீழிறக்கினர். அந்தப் பட்டம் விதிமீறல் காரணமாக 2018 இல் நீக்கப்பட்டது. ஆயினும், காயமுற்றவனும் அணியில் ஒருவனே என்று தோழர்கள் காட்டிய அன்பை எவரும் நீக்கிவிட முடியாது.

வெயரின் பாதை நேரானதன்று. அதே ஆண்டு களம் திரும்பிய அவர், மீண்டும் காலில் அடிபட்டு அப்பருவத்தை இழந்தார். 2014 இல் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2015 இல் தமது பிரிவுச் சுற்றுப்போட்டியின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார்.

இத்தகைய ஊக்கம் எங்கிருந்து பிறக்கின்றது? எட்வேர்ட் டெசி, றிச்சர்ட் றையன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள், மனித மனத்துக்கு மூன்று தேவைகள் உண்டென்பர். தன் செயலைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை, தன்னால் இயலும் என்ற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கும் உறவு என்பனவே அவை. காயம் இம்மூன்றையும் ஒரே நாளிற் பறிக்கின்றது. நல்ல சிகிச்சை அவற்றை ஒவ்வொன்றாக மீட்டுத் தருகின்றது. பயிற்சியின் காரணத்தை விளக்குவது முதலாவதற்கு உதவும். இந்த வாரம் முழங்கால் சற்றுக் கூடுதலாக மடங்கியதைக் குறித்துவைப்பது இரண்டாவதற்கு உதவும். அணிக் கூட்டங்களுக்கு அழைப்பது மூன்றாவதற்கு உதவும்.

ஆனால் அவசரம் ஊக்கமாகாது. முழங்கால் இணைப்புநார்ச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோரைப் பற்றி 2016 இல் வெளிவந்த டெலவெயர்–ஒஸ்லோ ஆய்வு இதனைத் தெளிவாக்குகின்றது. 9 மாதங்கள்வரை, களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காத்திருப்பதற்கும் மனவலிமை வேண்டும்.

நம் பிள்ளைகளும் வாழும் நாடுகளின் கல்லூரி அணிகளில் ஆடுகின்றனர். அவர்கள் காயமுறும்போது, "இனி விளையாட்டை விட்டுவிட்டுப் படி" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அன்றேல், "எப்போது திரும்ப ஆடுவாய்?" என்று நாள்தோறும் கேட்கின்றோம். முன்னையது பிள்ளையின் ஆசையை அறுக்கின்றது. பின்னையது அவசரத்தை வளர்க்கின்றது. "இன்று என்ன பயிற்சி செய்தாய்?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையுடன் செவிமடுப்போம். ஆறுமாதம் தள்ளியிருக்கும் ஆட்டத்தைவிட, இன்றைய சிறு முன்னேற்றமே பிள்ளையை நாளையும் பயிற்சிக்கு எழுப்பும்.