ஒரே ஐந்து, வேறு மடிப்பு

ஜாஸ் என்றால் பெரும்பாலும் நாலு எண்ணிக்கைதான் என்றிருந்த நேரத்தில், 1959ல், டேவ் புரூபெக் குழு 'டைம் அவுட்' இசைத்தட்டைக் கொண்டுவந்தது. அதிலுள்ள 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் ஓடும். குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மாண்ட் அமைத்தது. இந்தத் தாளத்துக்கு யார் ஆடுவார்கள் என்று கம்பெனிக்குள் தயக்கம். கடைசியில் ஜாஸில் மிக அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்றானது அதுதான்.

'அட, நம்ம கண்ட சாபு!' என்று தொடையைத் தட்ட ஆரம்பிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். கண்ட சாபு நமக்கு இரண்டும் மூன்றும்: தக தகிட. 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும்: தகிட தக. ஐந்து அதேதான், மடிப்பு வேறு. சந்தேகமிருந்தால் சாக்ஸபோனை மறந்துவிட்டு பியானோவைக் கவனியுங்கள். நான்காவது எண்ணிக்கையில் கார்டு மாறும். மடிப்பு அங்கேதான். ஜோ மொரெல்லோ டிரம்ஸில் தனி வாசிக்கும்போதும் பியானோ இதை விடுவதில்லை. தபலா தனிக்கு ஹார்மோனியத்தில் நக்மா வாசிப்பார்களே, அதைப் போல. கணக்கைப் பியானோ பார்த்துக்கொள்வதால் டிரம்ஸ் இஷ்டத்துக்குச் சுற்றி வருகிறது.

அதே தட்டிலுள்ள 'புளூ ரோண்டோ' ஒன்பது எண்ணிக்கை. 1958ல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில், இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட நடை அது: 2, 2, 2, 3. நம் சங்கீர்ணத்தையும் இப்படிச் சொல்லலாம்: தக திமி தக தகிட. ஆனால் புரூபெக் மூன்று முறை இப்படி வாசித்துவிட்டு, நான்காவது முறை 3, 3, 3 என்று புரட்டுகிறார். கூட்டல் மாறவில்லை, தாளம் போடும் கைதான் தடுமாறுகிறது.

அதே பயணத்தில் அவர் இந்தியாவுக்கும் வந்தார். அதற்காக எல்லாமே இங்கிருந்து போனது என்று மார்தட்டினால், ஒன்பதைக் கொடுத்த துருக்கித் தெருக் கலைஞர்களுக்கு அநியாயம்.

புரியாத தாளம் எதுவானாலும் வழி ஒன்றுதான். அடிநாதம் எங்கே திரும்பி வருகிறது என்று முதலில் பாருங்கள். நடுவில் உள்ளதை இரண்டாகவும் மூன்றாகவும் பிரியுங்கள். பிடிபட்டதும் எண்ணுவதை விட்டுவிடுங்கள். தாளம் தெரிந்தவர்களுக்குக் கடினமானது இந்தக் கடைசிப் படிதான். கணக்கு சரியாக வந்த திருப்தியில் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். டெஸ்மாண்டின் சாக்ஸபோனோ ஐந்து என்ற நினைப்பே இல்லாமல் மிதக்கிறது. கேட்க வேண்டியது அந்த மிதப்பை.