திராட்டில் பூட்டும் தொழுதூர் ஆடுகளும்

சென்னையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு விழுப்புரம் தாண்டித் தேநீருக்கு வண்டியை நிறுத்தினால், கண்ணாடிக் குவளையை இடக்கையால்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நம்முடையவை அல்ல என்பதுபோல் மரத்துக் கிடக்கின்றன. மணிக்கட்டில் ஒரு மந்தமான வலி. நாற்பதைக் கடந்தபின் நீண்ட பயணம் போகும் நண்பர்கள் பலரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆக்ஸிலேட்டர் கைப்பிடியை ஒரே கோணத்தில் முறுக்கியபடி, அதைத் திரும்ப இழுக்கும் சுருள்வில்லோடு மூன்று மணிநேரம் மல்லுக்கட்டினால் வேறு என்ன ஆகும்? இந்த வலிக்கு மருந்தாக விற்கப்படுவதுதான் திராட்டில் பூட்டு. முறுக்கிய கைப்பிடியை முறுக்கிய நிலையிலேயே நிறுத்தி வைத்து, கைக்குச் சிறிது ஓய்வு தரும் கருவி.

இதைத் தேர்ந்தெடுப்பது பற்றி நமக்குச் சில கருத்துகள் உண்டு. அவற்றுள் பாதி படித்தறிந்தவை. மீதியைத் தொழுதூருக்கு அப்பால் ஓர் ஆட்டு மந்தையின் நடுவே கற்றோம்.

முதலில் ஒரு பழைய கதை. கைப்பிடியை விட்டால் தானே மூடிக்கொள்ளும் ஏற்பாடு மோட்டார் சைக்கிளோடு கூடப் பிறந்ததன்று. ஆரம்பகால வண்டிகளில் கைப்பிடியே முறுக்காது. ஹேண்டில் பாரில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதை எங்கே தள்ளி வைக்கிறோமோ அங்கேயே நிற்கும். முறுக்கும் கைப்பிடி பரவலான பின்பும், பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த அமால் கைப்பிடிகளின் அடியில் ஓர் உராய்வுத் திருகு உண்டு. ஹார்லி டேவிட்ஸனிலும் பி.எம்.டபிள்யூவின் பழைய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும் அப்படியே. திருகை இறுக்கினால் கைப்பிடி நின்ற இடத்தில் நிற்கும், தளர்த்தினால் திரும்பும். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதிகளில் 123ஆம் எண் விதி, கையை எடுத்தவுடன் திராட்டில் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஆகவே இன்று நாம் காசு கொடுத்து வாங்கிப் பூட்டுவது, நம் பாட்டனாருக்கு வண்டியோடு இலவசமாக வந்ததும் பின்னர் நம் நன்மைக்காகவே எடுக்கப்பட்டதுமான ஒரு வசதியை. வாங்கும்போது இதை மறக்கலாகாது என்பது நமது துணிபு.

இன்னொன்றும் தெளிவாக இருக்க வேண்டும். திராட்டில் பூட்டு வேகத்தைப் பிடித்து வைப்பதில்லை. திறப்பைத்தான் பிடித்து வைக்கிறது. மேட்டில் வண்டி தளரும், இறக்கத்தில் விரையும், எதிர்க்காற்றில் சோரும். கார்களில் இருக்கும் குரூஸ் கன்ட்ரோல் வேறு சாதி. அது வேகத்தை அளந்து திறப்பைக் கூட்டிக் குறைக்கும். பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் தானே விலகிக்கொள்ளும். இந்தியாவிலும் 2023இல் வெளிவந்த டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 போன்ற வண்டிகளில் அது வந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொண்டு நல்லதொரு நாவலை எடுத்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்குச் சந்தையில் கிடைப்பவை பல. மிக எளியது ஒரு ரப்பர் ஓ-ரிங். கைப்பிடியின் முனைக்கும் பார் எண்ட் வெயிட்டுக்கும் இடையே அதைச் செருகினால் உராய்வினால் கைப்பிடி மெல்லத்தான் திரும்பும். ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலைப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு காட்சி நினைவுக்கு வரும். நண்பரின் பி.எம்.டபிள்யூவில் ஹேண்டில் பார் நழுவுகிறது. பியர் டப்பாவின் தகட்டை வெட்டி இடையில் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. விலையுயர்ந்த ஜெர்மானிய வண்டியில் குப்பைத் தகட்டை வைப்பதா என்று நண்பருக்கு மனம் கசந்துவிடுகிறது. நாம் பிர்சிக் கட்சி. ஆனாலும் ஓ-ரிங்கை நாம் ஆதரிப்பதற்கில்லை. காரணம் அதன் மலிவன்று. ஓட்டத்தின் நடுவே அதைக் கழற்ற முடியாது என்பதுதான். ஊருக்குள் நுழைந்து நூறு முறை திறந்து மூடும்போதும் அது அங்கேயே இருந்து கைப்பிடியைத் தயங்க வைக்கும்.

அடுத்தது உள்ளங்கைத் தாங்கி. கைப்பிடியில் மாட்டும் பிளாஸ்டிக் துடுப்பு. இது பூட்டே அன்று. விரல்களை இறுக்காமல் உள்ளங்கையின் எடையாலேயே கைப்பிடியை அழுத்தி வைக்க உதவுகிறது. கையை எடுத்தால் வண்டி தன்னால் அடங்கும். குறைந்த விலையில் நிறைந்த பயன். ஒரேயொரு குறை: வண்டியை மெதுவாகத் திருப்பி நிறுத்தும்போது உள்ளங்கை அறியாமல் துடுப்பை அழுத்திவிட்டால் வண்டி முன்னே பாயும். நண்பர் ஒருவர் தம் வீட்டு வாசல் துளசி மாடத்தை இவ்வாறுதான் இழந்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும் துடுப்பைக் கைக்குக் கீழே திருப்பிக்கொள்வது, ஊர் நெருங்கியதும் ஒதுக்கிவிடுவது என்னும் பழக்கம் வந்துவிட்டால் அச்சமில்லை.

அப்புறம் உண்மையான பூட்டுகள். இவை இரு வகை. முதல் வகை ஹேண்டில் பாரின் வலது முனையில், பார் எண்ட் வெயிட்டை எடுத்துவிட்டு அதனிடத்தில் பொருத்தப்படுவது. தென்னாப்பிரிக்காவின் காவோகோவும் அமெரிக்காவின் திராட்டில்மைஸ்டரும் இவ்வகையில் பெயர் பெற்றவை. ஒரு வளையத்தைத் திருகினால் அது கைப்பிடியின் முனையோடு உரசி நிற்கும். இரண்டாம் வகை, கைப்பிடிக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் அமரும் மெல்லிய உலோக வளையம். அட்லஸ் என்ற பெயரில் வருவது இதற்கு நல்ல உதாரணம். கட்டைவிரலுக்கு எட்டும் இரண்டு பொத்தான்கள். ஒன்று பிடிக்க, ஒன்று விட. பிரேக்கைத் தொட்டவுடன் தானே விலகும் இயந்திரப் பூட்டும் உண்டு. அதைப் பொருத்துவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். பெயர் பெற்ற பூட்டுகளின் விலை நூறு டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது. தபால் செலவும் சுங்கமும் தனி. இந்த விலையைக் கண்டு மலைத்துத்தான் நாம் போலி ஒன்றை வாங்கினோம்.

பார்வைக்கு அசலுக்குக் குறைவில்லாத அலுமினியப் பளபளப்பு. விலை எண்ணூறு ரூபாய். பொருத்திக் கொடுத்த மெக்கானிக் அதை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு, "சார், இது இறுக்கிப் பிடிக்குது, நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு எதுக்கு இது? நம்ம ரோட்டுல எங்க சார் கையை எடுக்கப் போறீங்க?" என்றார். நல்ல கேள்வி. அப்போது அதற்குச் சிரித்து வைத்தோம்.

உளுந்தூர்ப்பேட்டைக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட நான்குவழிச் சாலையை அறிந்தவர்களுக்கு அதன் மயக்கமும் தெரியும். நீண்டு கிடக்கும் நேர்க்கோடு, காலை ஒன்பது மணி வெயில், லாரிகள் குறைவு. எண்பதில் நிறுத்திப் பூட்டைத் திருகினோம். கையை எடுத்து உதறினோம், விரல்களில் இரத்தம் ஓடிற்று. இன்பந்தான், மறுக்கவில்லை. தொழுதூரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் நடுத்திட்டின் இடைவெளி வழியே ஆடுகள் சாலையில் இறங்கின. இருபது இருக்கும். பின்னால் ஒரு கிழவி.

கைப்பிடியை மூடினோம். மூடவில்லை. பலங்கொண்டு திருப்பினோம், சிறிது திரும்பி, முன்னிலும் இறுக்கமாக நின்றுவிட்டது. கிளட்சைப் பிடித்தோம். சுமை நீங்கிய என்ஜின் கர்ணகடூரமாகக் கதறிற்று. பிரேக்கை அழுத்தியபடியே கட்டைவிரல் எப்படியோ சிவப்பு நிறக் கில் சுவிட்சைத் தேடிப் பிடித்தது. வண்டி நின்றபோது முன்சக்கரத்துக்கும் கடைசி ஆட்டுக்கும் இடையே ஓர் ஆள் படுக்கும் தூரம். ஆடுகள் கலைந்து ஓடின. கிழவி மட்டும் நின்ற இடத்தில் நின்று, "இத்தனை சத்தம் போடுற வண்டிக்கு நிக்கத் தெரியாதா சாமி?" என்றாள். நாம் பதில் சொல்லவில்லை. இரண்டு கால்களும் நடுங்கிக்கொண்டிருந்தன.

திருச்சி போய்ச் சேர்ந்ததும் அந்தக் கருவியைப் பிரித்துப் பார்த்தோம். குற்றம் மரையில் இருந்தது. வண்டியின் வலப்புறம் நின்று பாருங்கள்: ஆக்ஸிலேட்டரை மூடும்போது கைப்பிடி கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. சாதாரண வலப்புரி மரையில் ஏறும் வளையமும் அதே திசையில் சுழன்றுதான் உள்நோக்கி இறுகும். உரசி நிற்கும் வளையத்தைக் கைப்பிடி தன்னோடு சேர்த்து இழுக்குமாயின், நாம் மூட முயலும் ஒவ்வொரு முறையும் பூட்டு மேலும் இறுகுகிறது. அதாவது அச்சத்தில் எவ்வளவு வேகமாக மூடுகிறோமோ அவ்வளவு உறுதியாக அது பிடிக்கும். இடப்புரி மரை வைத்திருந்தால் இதற்கு நேர்மாறாக, மூடும் கையே பூட்டைத் தளர்த்தியிருக்கும். அல்லது வளையம் கைப்பிடியோடு சேர்ந்து சுழலாதபடி நடுவில் ஒரு தடை வட்டு இருந்திருந்தாலும் போதும். போலி செய்தவர் உருவத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார். இந்த ஒன்றை யோசிக்கவில்லை. மெக்கானிக்கும் நாமும் 'பிடிக்கிறதா' என்று மட்டுமே சோதித்தோம். 'விடுகிறதா' என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே கடையில் நின்று செய்ய வேண்டிய சோதனையை இங்கே சொல்லிவிடுகிறோம். என்ஜினை அணைத்துவிட்டு, கைப்பிடியைப் பாதி திறந்து, பூட்டைப் போடுங்கள். பிறகு பூட்டைத் தொடாமல், ஆடு குறுக்கே வந்ததுபோல் கைப்பிடியைச் சட்டென்று மூடுங்கள். பத்து முறை. ஒருமுறைகூட இறுகாமல், கையின் சாதாரண பலத்துக்கே அடங்கி முழுவதும் மூடினால் அது வாங்கத்தக்கது. ஹேண்டில் பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பியும் இதைச் செய்து பார்க்க வேண்டும். கையுறை அணிந்து ஒருமுறை. விற்பவர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை. பெயர் பெற்ற பூட்டுகள் யாவும் கையின் திருப்புதலுக்கு இணங்கும்படியே செய்யப்படுகின்றன. நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இரு வகைகளுள் எது? நம்முடைய ஓட்டு கட்டைவிரல் பொத்தானுக்கு. முனையில் அமரும் பூட்டைத் திருகக் கை சற்று வெளியே நகர வேண்டும். அந்த நகர்வில் பிரேக் லீவரை விட்டு விரல்கள் விலகுகின்றன. தவிர, கைக்காப்பு மாட்டிய சாகச வண்டிகளில் பார் முனையைக் காப்பே பிடித்துக்கொள்வதால் முனைப்பூட்டு பெரும்பாலும் உட்காராது. பொத்தான் வகைக்கோ கைப்பிடிக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையே இடம் வேண்டும். சில வண்டிகளில் கைப்பிடி ரப்பரின் விளிம்பைச் சிறிது சீவ நேரும். அளந்து பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

பூட்டே கூடாது என்னும் நண்பர்களும் நமக்கு உண்டு. டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் தம் பிரஃப் சுப்பீரியரில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மேல் மோதாதிருக்க வண்டியை ஒடித்துத்தான் விழுந்தார். ஆறு நாளில் இறந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு நொடி. அந்த நொடியில் பாதியைப் பூட்டுக்குக் கொடுப்பானேன் என்பது அவர்கள் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளிச் சாலையில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. இக்கருவிகள் அத்தகைய சாலைகளுக்கானவை. நம் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வரும் டிராக்டரும், நடுத்திட்டில் காயும் நெல்லும், பேருந்துக்காகச் சாலையிலேயே நிற்கும் குடும்பங்களும் உண்டு. ஆயினும், மரத்துப்போன கையோடு பிரேக்கைப் பிடிப்பதும் பாதுகாப்பன்று. இருபது நொடி கையை உதறிக்கொள்ள, வெறுஞ்சாலையில், பின்னால் ஆளில்லாதபோது, பூட்டை ஒப்புக்கொள்ளலாம் என்பதே நம் நிலை. மழையில் கூடாது. இரவில் கூடாது. மலைப்பாதையில் கேட்கவே வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், பூட்டைத் தேடும் முன்பு பார்க்க வேண்டியவை வேறு. பழைய ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கழற்றி எண்ணெய் விட்டாலே பாதி வலி போய்விடும். அந்தக் கேபிள் இத்தனை நாள் எவ்வளவு கனத்ததென்று அன்றுதான் தெரியும். பிரேக் லீவர் மேல்நோக்கி நின்றால் மணிக்கட்டு மடிந்தே இருக்கும். முன்கைக்கு நேர்க்கோட்டில் அதைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிடம். மெல்லிய கைப்பிடி ரப்பரைச் சற்றுத் தடித்ததாக மாற்றலாம். விரல் மரப்பு தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், கருவி விற்பவரிடமன்று. நாம் இவையெல்லாவற்றையும் தொழுதூருக்குப் பிறகுதான் செய்தோம்.

இப்போது நம் வண்டியில் உள்ளங்கைத் தாங்கிதான் இருக்கிறது. பொத்தான் பூட்டுக்குப் பணம் சேர்ந்துகொண்டிருக்கிறது. வந்ததும் மேற்சொன்ன பத்துமுறைச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் சாலையில் ஏறுவோம். அந்த எண்ணூறு ரூபாய்ப் போலியைக் கேட்டு இரண்டு நண்பர்கள் வந்தார்கள். சும்மாதானே கிடக்கிறது, கொடுத்தால் என்ன என்றார்கள். இரண்டு பேரிடமும் மறுத்துவிட்டு, வளையத்தின் மரையை அரத்தால் ராவிப் பாழாக்கிய பிறகே பழைய இரும்புக்காரரிடம் போட்டோம்.