கதாநாயகி ஓடிய வரப்பு

சினிமாவில் கதாநாயகி பாவாடை தாவணியோடு வரப்பின் மேல் ஓடுகிறாள். பின்னால் பச்சைப் பசேலென்று நெல் வயல், தென்னந்தோப்பு, தூரத்தில் நீல மலை. "எந்த ஊரோ! போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமே!" என்று நீங்களும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

அது ஈரோடு ஜில்லாவிலுள்ள கோபிசெட்டிபாளையமாக இருக்கலாம். ஊரார் வாயில் அது வெறும் கோபி. சினிமாக்காரர்கள் வாயில் 'மினி கோடம்பாக்கம்'! 1983-ல் வந்த 'முந்தானை முடிச்சு' இங்கே எடுத்ததுதான். அதன் டைரக்டர் பாக்யராஜுக்குச் சொந்த ஊரே பக்கத்திலுள்ள வெள்ளாங்கோயில். 1991-ல் வந்த 'சின்னத்தம்பி'யிலும் இந்தச் சீமையைப் பார்த்திருப்பீர்கள்.

இத்தனை பச்சையும் மழை கொடுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். கொங்கு நாட்டில் பெரும் பகுதி மழை குறைந்த பூமி. நீலகிரிப் பக்கமிருந்து வரும் பவானி ஆற்றைக் கொடிவேரியில் ஒரு பழைய அணைக்கட்டு மறிக்கிறது. தண்ணீர் அதன் மேல் வழிந்து, விரித்த வெள்ளை வேட்டி மாதிரி விழும். காமிராவுக்கு அதுதான் பிடிக்கும். வயலுக்குப் பிடித்ததோ, அங்கே பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 24,500 ஏக்கருக்குப் பாய்கின்றன. மேலே, 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் தண்ணீர் இருந்து, அதைத் திறந்துவிட்டால்தான் வாய்க்காலில் ஓட்டம். ஓட்டம் இருந்தால்தான் நாற்று. நாற்று இருந்தால்தான் கதாநாயகிக்கு ஓட வரப்பு!

அந்த நாற்றை நட்ட பெண்களைக் காமிரா அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கணுக்கால் சேற்றில் புதைய, காலையிலிருந்து குனிந்த முதுகு அவர்களுடையது. பாட்டு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்; நடவு முடிய நாளாகும். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் நாற்பது பேர் வயலில் இறங்கி ஆடினால் என்ன ஆகும் என்பது குடியானவருக்குத்தான் தெரியும். (ஆட்டத்தை நான் குறை சொல்லவில்லை. வயலைத்தான் சொல்கிறேன்.)

நீங்கள் குழந்தை குட்டிகளோடு கிளம்புவதானால் ஒரு வார்த்தை. கோபியிலிருந்து சத்தியமங்கலம் போகிற வழியில் திரும்பினால் கொடிவேரி. அணையருகே நின்று குளிக்கலாம். ஆற்றுக்குள் மட்டும் இறங்க வேண்டாம், ஆழம் இடத்துக்கு இடம் மாறும். பவானிசாகரில் உபரி நீர் திறந்தால் குளிக்கவே விடமாட்டார்கள். விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். கரையில் சுடச்சுட மீன் வறுத்துக் கொடுக்கிறார்கள். சைவக்காரர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம்.