எஞ்சின் இல்லாத விமானம், திரையில் தோன்றாத ஆபத்து: கிளைடர்களுக்கான விலக்கு நீடிக்கலாமா?

புதுடெல்லி: எஞ்சின் இன்றி, மேலெழும் காற்றோட்டத்தை மட்டுமே நம்பிப் பறப்பவை கிளைடர்கள். அவை தம் இருப்பைப் பிற விமானங்களுக்கு அறிவிக்கும் கருவியைக் கட்டாயம் பொருத்த வேண்டுமா என்ற கேள்விக்கு உலக நாடுகள் இன்னும் ஒரே விடை காணவில்லை. தாழ்வான வான்பரப்பில் ட்ரோன்கள் பெருகிவரும் நிலையில், இக்கேள்வி விளையாட்டு ஆர்வலர்களின் எல்லையைத் தாண்டிப் பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையாகியுள்ளது.

நடுவானில் விமானங்கள் மோதினால் நேரும் இழப்பை இந்தியா நன்கறியும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி அரேபிய போயிங் 747 விமானமும் கஜகஸ்தானின் இல்யூஷின்-76 விமானமும் மோதியதில் 349 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே, இந்திய வான்பரப்பில் பறக்கும் பெரிய விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

ஆனால் அக்கருவிக்கும் ஒரு வரம்பு உண்டு. எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் பதில் சமிக்ஞை அனுப்பினால் மட்டுமே அது எச்சரிக்கும். டிரான்ஸ்பாண்டர் இல்லாத கிளைடர், அதைப் பொறுத்தவரை வானத்திலேயே இல்லை.

நெவாடா தந்த பாடம்

2006 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஹாக்கர் 800 ரக ஜெட் விமானம், சுமார் 16,000 அடி உயரத்தில் ஒரு கிளைடருடன் மோதியது. கிளைடர் விமானி பாராசூட் மூலம் உயிர் தப்பினார். முன்பகுதி சிதைந்த ஜெட் விமானம், சக்கரங்கள் வெளிவராத நிலையில் கார்சன் சிட்டியில் தரையிறங்கியது. உயிரிழப்பு ஏதும் இல்லை.

அந்தக் கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியின் மின்சாரம் போதுமா என்ற ஐயமே அதற்குக் காரணங்களுள் ஒன்று. கிளைடர்களுக்கு அளிக்கப்படும் விலக்கை நீக்குமாறு அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008-ல் பரிந்துரைத்தது. கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமும் 2015-ல் இதுகுறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. எனினும், 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏடிஎஸ்-பி விதியிலும் கிளைடர்களுக்கு விலக்கு தொடர்ந்தது.

விலக்கின் பின்னணி

விலக்குக் கோருவோரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எஞ்சின் இல்லாததால் கிளைடரில் மின்சாரம் உற்பத்தியாவதில்லை. கருவிகள் அனைத்தும் சிறு பேட்டரியையே நம்பியுள்ளன. கூடுதல் எடையும் செலவும் சிறிய மன்றங்களுக்குச் சுமையாகின்றன.

மேலும், ஒரே வெப்பக் காற்றுத் தூணில் பல கிளைடர்கள் நெருக்கமாக வட்டமிடுவது வழக்கம். பெரிய விமானங்களுக்கென வடிவமைக்கப்பட்ட கருவி, அங்கே தேவையின்றி எச்சரித்துக்கொண்டே இருக்கும். ஓயாத எச்சரிக்கையை எந்த விமானியும் நெடுநேரம் பொருட்படுத்தமாட்டார்.

இந்த இடைவெளியை நிரப்பவே சுவிட்சர்லாந்தில் 2004-ல் 'ஃபிளார்ம்' அறிமுகமானது. ஜிபிஎஸ், காற்றழுத்த அளவீடு ஆகியவற்றின் உதவியுடன் அடுத்த சில வினாடிகளுக்கான தன் பாதையைக் கணித்து, குறைந்த ஆற்றல் கொண்ட வானொலி அலையில் ஒலிபரப்புவதே அதன் செயல்முறை. அருகிலுள்ள மற்றொரு ஃபிளார்ம் அதைப் பெற்று, மோதும் வாய்ப்பு இருந்தால் மட்டுமே ஒலியெழுப்பும். கிளைடரின் வட்டப் பாதையையும் அது கணக்கில் கொள்வதால், வீண் எச்சரிக்கைகள் குறைகின்றன. கட்டாயச் சட்டத்தை எதிர்பாராமல், ஐரோப்பிய கிளைடர் விமானிகள் பெருமளவில் இதைத் தாமாகவே ஏற்றனர்.

ஒன்றையொன்று அறியாத கருவிகள்

ஆனால் ஃபிளார்ம் பயணிகள் விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவியுடன் பேசுவதில்லை. கிளைடருக்குக் கிளைடர் பாதுகாப்பு கிடைத்தாலும், நெவாடாவில் நேர்ந்தது போன்ற மோதலை அது மட்டுமே தடுக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வேறு வழியை முயல்கிறது. 2023 ஜனவரி முதல், ட்ரோன் சேவைக்கென ஒதுக்கப்படும் 'யு-ஸ்பேஸ்' வான்பரப்பில், கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டல் இன்றிப் பறக்கும் ஆளுள்ள விமானங்கள் தம் இருப்பை மின்னணு முறையில் அறிவிக்க வேண்டும். இதற்கென 'ஏடிஎஸ்-எல்' என்ற எளிய, பொதுவான முறை வகுக்கப்பட்டுள்ளது. பிரிட்டனோ, கட்டாயத்துக்குப் பதில் ஊக்கத்தொகையை நாடியது: கருவியின் விலையில் பாதியை, 250 பவுண்டு வரை திரும்ப வழங்கும் திட்டத்தை 2020-ல் அறிவித்தது.

இந்தியாவுக்கான கேள்வி

புனே அருகே ஹடப்சர் போன்ற ஒருசில இடங்களோடு நிற்கும் இந்திய கிளைடர் பயிற்சி அளவில் சிறியது. ஆனால், கிளைடருக்குப் பொருந்தும் கேள்விகள் பாராகிளைடருக்கும் ட்ரோனுக்கும் பொருந்தும். எடை, மின்சாரம், செலவு ஆகிய மூன்று தடைகளும் இங்கும் அவைதாம்.

விலக்கு நீக்கப்பட வேண்டுமா என்பதோடு விவாதம் முடிந்துவிடாது. எளிய கருவி வெளியிடும் சமிக்ஞையைப் பெரிய விமானமும் உணரும் வகையில் பொது முறை உருவாகும் வரை, விமானியின் கண்களே கடைசி அரண். எதிரெதிரே விரையும் இரு விமானங்களுக்கு அந்த அரண் போதாது என்பதையே நெவாடா விபத்து உணர்த்தியது.