எதிர்ப்பு சக்தி ஊசியாம்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு புனேயில் வங்கியில் குப்பை கொட்டுபவன். ஆனால் போன மாதம் நம்மூர்க்காரர் ஒருவர் நகைப் பையோடு என் மேசைக்கு வந்தபோது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். "டிராஸ்டுசுமாப்னு ஒரு ஊசி சார். ஆண்டிபாடியாம். எதிர்ப்பு சக்தியை ஏத்துமாம், பக்க விளைவே கிடையாதாம்." சொன்னது டாக்டரா? இல்லை. பொங்கல் விழாவில் பார்த்த மாமாக்களும் வாட்ஸப்பும்!

மக்களே, ஆண்டிபாடி சத்து டானிக் இல்லை. லாக்கர் சாவி மாதிரி. டிராஸ்டுசுமாப் பொருந்துவது செல்லின் மேலுள்ள ஹெர்2 என்ற ஏற்பியில். ஒட்டிக்கொண்டால், 'பெருகு பெருகு' என்று செல்லுக்குள் போகும் உத்தரவை அடக்கும். கூடவே அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நம் உடம்பின் கொல்லிச் செல்கள் புற்றுச் செல்லைத் தீர்த்துக்கட்டும். ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் ஹெர்2 மிகுந்திருக்கும். மற்றவர்களுக்கு லட்சங்களைக் கொட்டினாலும் இந்தச் சாவி திறக்காது.

பக்க விளைவு கிடையாதா? ஃபாஸ் என்ற ஏற்பியில் ஒட்டியே செல்லைத் தற்கொலை செய்ய வைக்கும் ஆண்டிபாடிகளை 1989-ல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கண்டுபிடித்தார்கள். புற்றுநோய்க்கு நல்ல ஆயுதம்தானே? 1993-ல் அப்படி ஒன்றை எலிகளுக்குப் போட்டபோது, சில மணி நேரத்தில் கல்லீரல் அழிந்து செத்தன. ஃபாஸ் கல்லீரலிலும் உண்டு. ஆண்டிபாடிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. டிராஸ்டுசுமாபும் சிலருக்கு இதயத்தைப் பலவீனப்படுத்தும். அதனால்தான் அடிக்கடி எக்கோ எடுக்கிறார்கள்.

ஹெர்2 மிகுந்தவர்களுக்கு இது உயிர் காக்கும் மருந்து, மறுக்கவில்லை. பெங்களூர் பயோகானின் தயாரிப்பு 2014 முதல் இங்கே கிடைக்கிறது. 2017-ல் அமெரிக்காவும் அதை அனுமதித்தது. அதை 'லோக்கல் சரக்கு' என்று தடுப்பதும் இதே மாமாக்கள்தான்!

நண்பரின் கோப்பிலேயே பயாப்சி ரிப்போர்ட் இருந்தது. ஹெர்2: 0. "டாக்டர்கிட்ட இதைக் காட்டிக் கேட்டுட்டு வாங்க, நகை எங்கேயும் போகாது" என்று அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது. அந்த ஊசி தேவையில்லையாம். கீமோவுக்கு வேண்டிய அளவு மட்டும் அடகு வைத்தார். தாலிக்கொடி வீட்டுக்குத் திரும்பியது.

சொந்தபந்தம் இல்லாத ஊரில் நாலு பேர் சொல்வதுதான் நமக்குத் துணை. அந்த நாலு பேரில் ஒருவராக நீங்கள் இருந்தால், ஊசியின் பெயரைச் சொல்லாதீர்கள். "ஹெர்2 ரிப்போர்ட் பார்த்தாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். போதும்.