யார் ஆடவில்லை?

ஓசூர்ப் பக்கம் ஒரு திருவிழா முடிந்ததும் நம் இலக்கிய நண்பர்களிடமிருந்து இரண்டு புலம்பல்கள் தவறாமல் வரும். டிஜே சத்தம் தாங்கவில்லை என்பது ஒன்று. பறை அழிகிறது என்பது மற்றொன்று. முதலாவது காது சம்பந்தப்பட்டது, வைத்தியரிடம் போகலாம். இரண்டாவது வெறும் பாவனை. பறை மேடை ஏறிய பிறகுதான் இவர்கள் அதைக் கேட்டார்கள். சாவு வீட்டில் அதை அடிப்பது சாதி விதித்த கட்டாயமாக இருந்தது. அடிக்க மறுத்துத் தலைநிமிர்ந்தவர்களும் உண்டு. இதெல்லாம் இவர்களுடைய துக்கத்தில் சேர்வதில்லை.

டிஜே என்பது அமெரிக்கக் குப்பை என்ற தீர்ப்பும் தயாராக இருக்கிறது. எந்த அமெரிக்கா? 1977இல் சிகாகோவில், பழைய தொழிற்சாலைக் கட்டிடமொன்றில் இயங்கிய 'வேர்ஹவுஸ்' நடனக்கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைச் சுழற்ற ஆரம்பித்தார். வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஒருபால் விருப்பம் கொண்டவர்கள். வேறு வாசல்களில் தடுக்கப்பட்டவர்கள். அந்தக் கூடத்தின் பெயரில் பாதிதான் பிறகு 'ஹவுஸ்' இசை ஆயிற்று. 1979 ஜூலை 12 அன்று அதே நகரின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். அன்று அங்கே வேலைக்கு நின்ற கறுப்பினப் பையன் வின்ஸ் லாரன்ஸ். டிஸ்கோவே அல்லாத கறுப்பர் இசைத்தட்டுகளும் அந்தக் குவியலுக்கு வந்ததைப் பார்த்ததாக அவர் பின்னால் சொன்னார். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஆன் அண்ட் ஆன்', ஹவுஸின் முதல் தட்டுகளில் ஒன்று. சத்தம் என்று கத்துகிறவன் எல்லா நேரமும் சத்தத்தை மட்டும் சொல்வதில்லை.

அந்தக் கூடத்தில் டிஜேயின் வேலை பாட்டுப் போடுவது மட்டுமல்ல. எதிரே இருக்கும் கால்களைப் பார்க்கவேண்டும். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை அதன் தாளத்தோடு பொருத்தி, ஆட்டம் அறுபடாமல் கொண்டுபோகவேண்டும். முன்பின் அறியாதவர்கள் ஒரு கூட்டமாவது அப்படித்தான்.

இனி நம் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஏற்கெனவே கலந்து கிடந்த இடம். 1970களில் சிப்காட் வந்தது. இன்று இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனோடு பேச மொழி கிடையாது. வார்த்தை வேண்டாத ஒரு தளம் இப்படிப்பட்ட ஊருக்குத்தான் வேண்டும். கிடைப்பதோ லாரியில் அடுக்கிய சவுண்ட் பாக்ஸ்கள். எத்தனை பாக்ஸ் என்பதில் தெருவுக்குத் தெரு போட்டி. தன் சாதிப் பெருமைப் பாட்டை அடுத்த தெரு முனையில் நின்று உரக்கப் போடுகிற வீரம். நம் டிஜே கால்களைப் பார்ப்பதில்லை, பணம் கொடுத்தவரின் முகத்தைப் பார்க்கிறார். ஆடுவது உள்ளூர் ஆண்கள். பெண்கள் மொட்டைமாடியில். வடக்கிலிருந்து வந்தவன் பெட்டிக்கடை ஓரத்தில். விடுதியில் இருக்கும் ஆலைப் பெண்ணுக்கு அந்நேரம் கேட் பூட்டியாகிவிட்டது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. நோயாளிக்கும் குழந்தைக்கும் தூக்கம் வேண்டும், விதியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இரண்டாம் ஷிப்ட் விடுவதும் ஏறக்குறைய அந்த வேளையில்தான். மூடிய அரங்கு வேண்டுமானால் அத்திப்பள்ளியைத் தாண்டி, சுமார் 40 கிலோமீட்டர் போய், பெங்களூரில் வாசல் காசு கட்டவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எட்டுமா?

சத்தத்தைக் குறைக்க மனு எழுதும் நண்பர்கள், அடுத்த திருவிழாவில் ஒருமுறை தெருவில் நின்று, யார் ஆடவில்லை என்று எண்ணிப் பார்க்கட்டும். சிறுபத்திரிகையின் சில நூறு பிரதிகளுக்குள் நமக்கு நாமே பேசிக்கொள்வதும் ஒரு பூட்டிய கேட்தான். கவியரங்குக்குக் கூடம் கேட்டு அலைந்திருக்கிறோம். ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் பயமில்லாமல் ஆட ஒரு கூடம் வேண்டுமென்று நம்மில் யார் கேட்டோம்?